ஒலிவாங்கியின் முன் மாணவர்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாகக் கிழக்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிலே, பெல்மதுளைக்கும் பலாங்கொடைக்கும் நடுவே அமைந்த சிற்றூர் ஓப்பநாயக்க. மூத்த தலைமுறையினருக்கு இவ்வூரின் பெயர் புகையிரதத்தோடு சேர்ந்தே நினைவுக்கு வரும். களனிப் பள்ளத்தாக்கின் குறுகிய இருப்புப்பாதை 1912 இல் இரத்தினபுரியை அடைந்தது. 1919 இல் ஓப்பநாயக்க வரை நீண்டு, அங்கே முடிவுற்றது. மலைச்சாரலில் விளைந்த தேயிலையும் றப்பரும் அப்பாதை வழியே கொழும்புத் துறைமுகத்தை நோக்கிச் சென்றன. 1970களில் அந்தப் பாதையும் மூடப்பட்டது. ஆகவே ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கடைசி நிலையமாக விளங்கிய ஊர் இது.

புகையிரதத்துக்குக் கடைசி நிலையம் உண்டு. வானொலி அலைக்கு அது கிடையாது. மலையைக் கடந்தும் ஆற்றைக் கடந்தும் அது செல்லும். இலங்கையில் ஒலிபரப்பு தொடங்கிய வரலாறு இவ்விடத்திலே நினைவுகூரத் தக்கது. தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளராக இருந்த எட்வர்ட் ஹார்ப்பர் என்பவர் முதலில் பரிசோதனை முறையில் இசைத்தட்டுக்களை ஒலிபரப்பினார். முதலாம் உலகப் போரிலே கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிகளைக் கொண்டே அந்த ஒலிபரப்பி அமைக்கப்பட்டது என்பர். 1925 டிசம்பர் 16 ஆம் நாள் கொழும்பு வானொலி முறைப்படி தொடக்கி வைக்கப்பட்டது. 1949 இல் அது இலங்கை வானொலி ஆயிற்று. 1967 இல் கூட்டுத்தாபனம் ஆயிற்று. கையிற் கிடைத்த பொருள்களைக் கொண்டு தொடங்கிய ஒரு கலை, கால் நூற்றாண்டுக்குள் தென்னாசியா முழுவதும் கேட்கப்படும் குரலாக வளர்ந்தது. பெரிய கலையகம் இல்லையே, விலையுயர்ந்த கருவிகள் இல்லையே என்று ஏங்கும் சிறிய பாடசாலைகளுக்கு இந்த வரலாறு ஓர் ஆறுதல்.

சபரகமுவை மாகாணத்தின் தோட்டங்கள், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களைப் போல் ஒன்றையொன்று தொட்டுக் கிடப்பவை அல்ல. இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களிலும் சிங்களக் கிராமங்களுக்கு இடையிலே அவை சிதறிக் கிடக்கின்றன. ஒரு தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைக்கும் அடுத்த தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைக்கும் இடையே பல மைல் தூரம் இருக்கலாம். ஆரம்ப வகுப்புக்களைத் தோட்டப் பாடசாலையிலே முடித்த பிள்ளைகள், தமிழ்மொழி மூலம் மேற்கொண்டு கற்பதற்கு நெடுந்தூரம் செல்ல வேண்டியவர்களாக இருக்கின்றனர். இத்தகைய சூழலிலே வானொலிப் பெட்டி வெறும் பொழுதுபோக்குக் கருவியாக மட்டும் இருக்கவில்லை. எஸ். பி. மயில்வாகனம், ராஜேஸ்வரி சண்முகம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் போன்றோரின் குரல்கள் லயத்துக் காம்பராக்களுக்குள் நாள்தோறும் வந்து, தெளிவான தமிழ் உச்சரிப்பைக் கற்பித்துச் சென்றன.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. தோட்ட மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்பவர்களாகவே வைக்கப்பட்டிருந்தனர். விடியுமுன் தப்பு முழங்கும், எழுந்தனர். பிரட்டுக்களத்திலே பெயர் வாசிக்கப்படும், நின்றனர். மலையிலே கங்காணியின் குரல் ஒலிக்கும், நடந்தனர். பின்னர் வானொலி வந்தது, அதனையும் கேட்டனர். தமக்கு வேண்டியதைத் தாமே ஆராய்ந்து, தம் மொழியிலே அமைத்து, பிறர் கேட்கச் சொல்லும் வாய்ப்பு அவர்களுக்கு அரிதாகவே கிட்டியது. தோட்டத்துப் பாடசாலையில் மாணவருக்கு ஒலிபரப்புக் கலையைச் செய்முறையாகக் கற்பிக்க வேண்டும் என்று சொல்லும்போது, அதன் உட்பொருள் இதுவே. எதிர்கால அறிவிப்பாளர் ஒருவரை உருவாக்குவது அதன் சிறு பயன். ஒரு சமூகத்தின் பிள்ளைகள் செய்தியைப் பெறுபவராக மட்டுமன்றி, செய்தியை ஆய்ந்து கொடுப்பவராகவும் வளர்வது அதன் பெரும் பயன்.

பாடசாலைக்கும் வானொலிக்கும் உள்ள உறவு புதியது அன்று. பிரித்தானிய ஒலிபரப்பு நிறுவனம் 1924 ஆம் ஆண்டிலேயே பாடசாலைகளுக்கான ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டது. இலங்கையிலும் வானொலியின் கல்விச் சேவை வகுப்பறைகளைச் சென்றடைந்தது. ஆயினும் அவற்றிலெல்லாம் மாணவர் செய்த தொழில் ஒன்றே: பெட்டியைச் சுற்றி அமர்ந்து கேட்டல். கேட்டலோடு செய்தலும் சேர்ந்தால் என்ன விளையும் என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று உண்டு. இலங்கை வானொலியின் 'சிறுவர் மலர்' நிகழ்ச்சியிலே சிறுவர்கள் கலையகத்துக்கு வந்து தாமே பேசினர், பாடினர், நடித்தனர். அவ்வாறு சிறுவனாக ஒலிவாங்கியின் முன் நின்றவர்களில் ஒருவரே அப்துல் ஹமீத். பிற்காலத்தில் 2007 முதல் பிரித்தானிய ஒலிபரப்பு நிறுவனம் நடத்திய பாடசாலைச் செய்தித் திட்டத்திலே, 11 வயது முதலான மாணவர்கள் தாமே செய்தி திரட்டி, எழுதி, பதிவு செய்து, குறித்த நேரத்துக்குள் ஒப்படைத்தனர். நேரம் தவறினால் செய்தி இல்லை என்னும் கட்டுப்பாடே அத்திட்டத்தில் மாணவர் கற்ற முதற் பாடம்.

இலங்கையின் பாடவிதானத்திலே 'தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்' என்னும் பாடம் இன்று இடம்பெற்றிருக்கிறது. சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் மாணவர் அதனைத் தெரிவு செய்யலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் புத்தகத்திலே ஒலிவாங்கியின் வகைகளை மனனம் செய்து பரீட்சையில் எழுதிவிட்டு, ஒரு நாளேனும் ஒலிவாங்கியின் முன் நின்றறியாத மாணவர் எத்தனை பேர்! றப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பால்வெட்டுக் கத்தியைப் படத்திலே பார்த்தவன் பால் வெட்ட முடியுமா? பட்டையை எவ்வளவு மெல்லியதாகச் சீவ வேண்டும், கத்தி மரத்தின் உட்பகுதியைத் தொட்டால் என்ன கேடு விளையும் என்பதெல்லாம் கைக்குத் தெரிய வேண்டியவை. ஒலிபரப்பும் அத்தகைய கைத்தொழிலே.

தமிழிலே இத்துறைக்கு வழிகாட்டி நூல் இல்லாமற் போகவில்லை. யாழ்ப்பாணத்துக் கரம்பனைச் சேர்ந்த சோ. சிவபாதசுந்தரம் இலங்கை வானொலியிலும் இலண்டனிலும் பணிபுரிந்தவர், பி.பி.சி. தமிழ் ஒலிபரப்புக்குத் 'தமிழோசை' என்று பெயர் சூட்டியவர். அவர் எழுதிய 'ஒலிபரப்புக் கலை' 1954 இல் வெளிவந்தது. கருவிகள் முற்றும் மாறிவிட்டன; எனினும் செவிக்காக எழுதுதல், காலத்தை அளந்து பேசுதல் ஆகிய அடிப்படைகள் மாறவில்லை.

இனி, ஓப்பநாயக்கவை அடுத்த தோட்டப் பாடசாலை ஒன்றில் இப்பயிற்சி எவ்வாறு அமையலாம் என்பதைப் பார்க்கலாம். இதற்கு ஒலிபரப்பி தேவையில்லை. அலைவரிசையில் ஒலிபரப்புவதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். அது பாடசாலையின் அளவுக்கு மிஞ்சிய காரியம். ஆனால் நிகழ்ச்சியைப் பதிவு செய்து, காலைக் கூட்டத்திலே ஒலிபெருக்கி வழியே ஒலிக்கச் செய்வதற்குத் தடையேதும் இல்லை. ஆசிரியரின் கைத்தொலைபேசி ஒன்றே ஒலிப்பதிவுக் கருவி. ஒரு வகுப்பறையே கலையகம். வெறுஞ் சுவர்கள் குரலை எதிரொலித்துக் கெடுக்கும். ஆதலால் இரண்டு மூன்று பழைய கம்பளிகளைச் சுற்றிலும் தொங்கவிட்டால் அக்குறை பெரும்பாலும் நீங்கும். இரத்தினபுரிப் பகுதியிலே மழை மிகுதி. தகரக் கூரையில் மழை விழத் தொடங்கினால் எந்தக் கலையகமும் பயன்படாது. ஆகையால் மழைமேகம் திரளுமுன், காலை வேளையிலேயே பதிவை முடித்துக்கொள்ளல் நன்று.

முதல் வாரத்திலே எவரும் பேச வேண்டியதில்லை. மாணவர் கண்களை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் காதால் கேட்கட்டும். கேட்டவற்றைத் தாளில் எழுதட்டும். முதல் நாள் 'குருவி, பஸ், காற்று' என்று மூன்று சொற்களுக்கு மேல் எழுத மாட்டார்கள். ஒரு வாரம் பழகினால், தொழிற்சாலை இயந்திரத்தின் ஒலி, பால் வாளி கல்லில் இடிபடும் ஒலி, பீலியிலே நீர் விழும் ஒலி, வேற்றாளைக் கண்ட நாயின் குரைப்பு, பழகியவரைக் கண்ட நாயின் குரைப்பு என்று பிரித்தறிவார்கள். ஒலிபரப்பாளரின் முதல் உறுப்பு வாய் அன்று, செவி. பிறர் சொல்வதை முழுவதும் கேட்டு முடிக்கும் பொறுமை இல்லாதவர் நல்ல நேர்காணலைச் செய்ய முடியாது.

இரண்டாம் வாரத்திலே ஒலிவாங்கியைப் பழகலாம். கைத்தொலைபேசியின் ஒலிவாங்கி பெரும்பாலும் அதன் அடிவிளிம்பிலே இருக்கும். அதனை உள்ளங்கையால் மூடிப் பிடித்துக்கொண்டு பேசுவது புதியவர்கள் செய்யும் பிழை. வாய்க்கும் கருவிக்கும் ஒரு சாண் இடைவெளி போதும். நேரெதிரே வைத்துப் பேசினால் பகரம் போன்ற எழுத்துக்கள் காற்றோடு வெடித்து ஒலிக்கும். சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் அக்குறை நீங்கும். திறந்தவெளியில் பதிவு செய்யும்போது மெல்லிய துணியொன்றைச் சுற்றிவிட்டால் காற்றின் இரைச்சல் குறையும். இவற்றையெல்லாம் ஆசிரியர் விரித்துரைக்கத் தேவையில்லை. சரியாக ஒரு பதிவும் தவறாக ஒரு பதிவும் செய்து, இரண்டையும் கேட்கச் செய்தால், மாணவர் தாமே காரணத்தைக் கண்டு சொல்வர். முதன்முறை தம் குரலையே கேட்ட பிள்ளைகள் நாணிச் சிரிப்பார்கள். 'இது என் குரல் இல்லை' என்பார்கள். அந்தச் சிரிப்பு அடங்கிய பின்னர்தான் கற்றல் தொடங்கும்.

மூன்றாம் வாரம் எழுத்துக்கும் காலத்துக்கும் உரியது. நிதானமாக வாசிக்கும் ஒருவர் தமிழிலே நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 சொற்களை வாசிக்கலாம் எனத் தொடக்கத்திலே கொள்ளலாம். ஒவ்வொரு மாணவரும் தத்தம் வேகத்தைக் கடிகாரம் வைத்து அளந்துகொள்ள வேண்டும். ஐந்து நிமிட நிகழ்ச்சிக்கு ஒரு திட்டம்: அறிமுகம் அரை நிமிடம், செய்தி ஒன்றரை நிமிடம், நேர்காணல் இரண்டு நிமிடம், அறிவித்தல் அரை நிமிடம், முடிவுரை அரை நிமிடம். செய்தி இரண்டு நிமிடமாக நீண்டால் நேர்காணலில் அரை நிமிடத்தை வெட்ட வேண்டும். எதனை வெட்டுவது, எதனை விடுவது என்று மாணவர் தமக்குள்ளே வழக்காடும் அந்த வேளையில், எது முக்கியம் என்று தீர்மானிக்கும் அறிவு அவர்களிடத்தே வளர்கிறது. கட்டுரை எழுதும்போது இப்பயிற்சி கிடைப்பதில்லை. அங்கே தாளுக்கு எல்லை இல்லை.

செவிக்காக எழுதுதல் கண்ணுக்காக எழுதுவதிலிருந்து வேறுபட்டது. பத்திரிகை வாசிப்பவர் விளங்காத வரியை மீண்டும் பார்க்கலாம். வானொலி கேட்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. 'மேற்கூறிய', 'கீழ்க்காணும்' என்னும் சொற்கள் வானொலியில் பொருளற்றவை. வானொலிக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. ஒரு வாக்கியத்தில் ஒரு கருத்துப் போதும். எழுதியதை உரக்க வாசித்துப் பார்க்கும்போது மூச்சு முட்டினால் அவ்வாக்கியம் நீளமானது என்பது உறுதி.

நான்காம் வாரத்திலே பணிகளைப் பகிர்ந்துகொள்ளலாம். தயாரிப்பாளர் ஒருவர், செய்தி திரட்டுவோர் இருவர், பிரதி எழுதுபவர் ஒருவர், அறிவிப்பாளர் ஒருவர், ஒலிப்பதிவாளர் ஒருவர், நேரம் காப்பவர் ஒருவர். வாரந்தோறும் இப்பணிகள் மாற வேண்டும். பேச்சுப் போட்டியிலே பரிசு பெற்ற பிள்ளையே எந்நாளும் அறிவிப்பாளராக இருப்பின், இத்திட்டம் அந்த ஒரு பிள்ளைக்கான மேடையாக முடிந்துவிடும். வகுப்பிலே வாய் திறவாத பிள்ளை ஒலிப்பதிவாளராக அமரட்டும். பிறர் குரலைக் கவனித்துக் கவனித்து, எது நல்ல வாசிப்பு என்பதை அப்பிள்ளை மற்றெல்லோரையும்விட முதலில் அறிந்துகொள்ளும். பின்னொரு நாள் தானே வாசிக்கவும் முன்வரும்.

நாடகம் விரும்பும் மாணவருக்கு ஒலிச் சித்திரிப்பு ஒரு விளையாட்டு. இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளைத் தட்டினால் குதிரை ஓடும். மெல்லிய தகரத்தை அசைத்தால் இடி முழங்கும். தகரத் தட்டிலே அரிசியைத் தூவினால் மழை பெய்யும். தாளைக் காதருகே கசக்கினால் நெருப்பு எரியும்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை கூற வேண்டும். செய்தி வாசிப்பிலே ல, ள, ழ வேறுபாடும், ர, ற வேறுபாடும், ந, ன, ண வேறுபாடும் தெளிவாக ஒலிக்க வேண்டும். அதற்கு நாள்தோறும் பயிற்சி வேண்டும். ஆயினும் நேர்காணலிலே முதியவர் ஒருவர் தம் இயல்பான வழக்கிலே பேசும்போது, அதனைத் திருத்த முற்படுவது பெரும்பிழை. 'அந்தக் காலத்துல தப்புச் சத்தம் கேட்டுத்தான் எந்திரிப்போம்' என்று அப்பாயி சொன்னால், அது அப்படியே ஒலிக்கட்டும். அச்சொற்களுக்குள் ஒரு வரலாறு இருக்கிறது. இலக்கியத் தமிழை வாசிக்கவும் வீட்டுத் தமிழைக் கேட்கவும் ஒருங்கே பழகும் பிள்ளை, தன் வீட்டு மொழியைக் குறித்து வெட்கப்படாது. சபரகமுவைப் பிள்ளைகளுக்கு இன்னொரு வலிமையும் உண்டு. சிங்களக் கிராமங்களின் நடுவே வாழ்வதால் அவர்களிற் பலர் சிங்களத்தையும் சரளமாகப் பேசுகின்றனர். இரு மொழிகளையும் அறிந்த செவி, ஒலிபரப்பாளருக்குப் பெருஞ் செல்வம்.

அச்செல்வத்தின் அருமை மழைக்காலத்திலே தெரியும். சபரகமுவை மழைக்கும் மண்சரிவுக்கும் பேர்போன நிலம். 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் பேரழிவைக் கண்டது. 2016 மே 17 ஆம் நாள் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவிலே மலை சரிந்து ஊர்களை மூடியது. அதற்கு முன், 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள், பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தையிலே தோட்டத்து லயங்கள் மண்ணுள் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானது, மக்கள் அங்கிருந்து அகற்றப்பட வேண்டும் என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை தாளிலே இருந்தது. மக்கள் லயத்திலே இருந்தனர்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளிலே விடுக்கின்றது. 24 மணி நேரத்துக்குள் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் கவனம் வேண்டும். 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் எந்நேரமும் வெளியேற ஆயத்தமாயிருக்க வேண்டும். 150 மில்லிமீற்றரைத் தாண்டினால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினால், வெளியேற வேண்டும் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் அளவு. பக்கங்கள் நேராக அமைந்த ஒரு பாத்திரத்தைக் கூரைக்கும் மரத்துக்கும் அப்பால் திறந்தவெளியில் வைத்து, அதில் நிற்கும் நீரின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்தால், பெய்த மழையின் அளவு ஏறத்தாழத் தெரிந்துவிடும். நாள்தோறும் காலையில் இவ்வளவை எடுத்துப் பாடசாலைச் செய்தியிலே வாசிப்பதைக் காட்டிலும் பயனுள்ள செய்தி வேறேது?

உத்தியோகபூர்வமான அறிவித்தல் ஒன்று இவ்வாறு வருவதாகக் கொள்ளலாம்: 'மேற்படி பிரதேசத்தில் நிலவும் அதிக மழைவீழ்ச்சி காரணமாக மண்சரிவு அபாயம் ஏற்படக்கூடிய சாத்தியம் உள்ளமையால் பொதுமக்கள் விழிப்புடன் இருக்குமாறு அறிவுறுத்தப்படுகின்றனர்.' இதனைக் கேட்ட ஒரு தாய் என்ன செய்வாள்? எதற்கு விழிப்பு, எங்கே விழிப்பு என்று அவளுக்கு விளங்காது. சில வேளைகளிலே இந்த அறிவித்தலும் சிங்களத்தில் முதலில் வந்து, தமிழில் பிந்தி வரும். பயிற்சி பெற்ற மாணவர் அதனை இவ்வாறு மாற்றி எழுதுவர்: 'மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்டிருக்கிறது. நேற்றுக் காலை முதல் இன்று காலை வரை 100 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்திருக்கிறது. மலைச்சரிவின் கீழே குடியிருப்பவர்கள் கவனியுங்கள். சுவரிலோ தரையிலோ புதிய வெடிப்பைக் கண்டால், மரங்கள் சாய்வதைக் கண்டால், ஊற்றுநீர் திடீரெனக் கலங்கினால், பொருள்களை எடுக்க நில்லாமல் உடனே பாதுகாப்பான இடத்துக்குச் செல்லுங்கள்.' ஒலிபரப்புக் கலை என்பதன் முழுப் பொருளும் இந்த இரண்டு அறிவித்தல்களுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

இங்கே ஓர் எல்லையையும் வகுத்துக்கொள்ளல் வேண்டும். எச்சரிக்கை விடுப்பது மாணவரின் அதிகாரம் அன்று. பொறுப்பானவர் விடுத்த எச்சரிக்கையைப் பிழையின்றி விளங்கச் சொல்வதே அவர்களின் கடமை. யார் சொன்னது, எப்போது சொன்னது, இன்னொருவரிடம் கேட்டு உறுதி செய்யப்பட்டதா என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை இல்லாத எதனையும் வாசித்தலாகாது. கைத்தொலைபேசி வழியே வதந்தி நொடிப்பொழுதில் பரவும் காலம் இது. 'கேட்டேன், ஆகவே சொல்கிறேன்' என்னும் பழக்கத்தை விட்டு, 'விசாரித்தேன், ஆகவே சொல்கிறேன்' என்னும் பழக்கத்துக்கு ஒரு பிள்ளை வந்துவிட்டால், அதுவே போதிய கல்வி. அவ்வாறே ஒருவருடைய குரலைப் பதிவு செய்யுமுன் அவரது சம்மதத்தைப் பெறுதலும், பிள்ளைகளின் பதிவுகளுக்குப் பெற்றோரின் சம்மதத்தைப் பெறுதலும், ஒருவரது குடும்பத் துயரைப் பிறர் வேடிக்கைக்கு உரியதாக்காமல் விடுதலும் முதல் நாளிலேயே கற்பிக்க வேண்டிய ஒழுக்கங்கள்.

மக்களிடம் சென்று அவர்கள் குரலைப் பெறுதல் என்னும் முறைக்கு இந்நாட்டிலே சிறந்த முன்மாதிரி உண்டு. 1981 இல் தொடங்கிய மகாவலி சமுதாய வானொலித் திட்டத்திலே தயாரிப்பாளர்கள் புதிய குடியேற்றக் கிராமங்களுக்குச் சென்று, சில நாள்கள் அங்கேயே தங்கி, மக்களோடு பழகி, அவர்களையே பேசவும் பாடவும் செய்து பதிவு செய்தனர். அவ்வழியிலே 1989 இல் மலைநாட்டுக் கொத்மலையிலே சமுதாய வானொலி தொடங்கியது. ஊரவர்கள் தொண்டர்களாக வந்து ஒலிபரப்பைப் பழகினர். 1999 முதல் அங்கே இணையமும் சேர்க்கப்பட்டது. நேயர்கள் கேட்ட கேள்விகளுக்கு ஒலிபரப்பாளர்கள் இணையத்திலே விடை தேடி, அதனை எளிய மொழியில் வானொலியிலே விளக்கினர். கணினியைத் தொட்டறியாத கிராமத்தவருக்கும் உலக அறிவு வானொலி வழியே சென்றது. உலக நாடுகள் பலவும் கொத்மலையை உதாரணமாகக் கொண்டன. கொத்மலையிலே ஒரு நிலையம் செய்ததை, அளவிற் சிறியதாக, ஒரு பாடசாலை தன் தோட்டத்துக்குச் செய்யலாம்.

இத்திட்டத்துக்கு மறுப்புக் கூறுவோரும் இருப்பர். பரீட்சைக்கே நேரம் போதவில்லை, இதற்கு ஏது நேரம் என்பர் சிலர். பிரதி எழுதுதல் தமிழ்ப் பாடம். மழையை அளத்தல் விஞ்ஞானமும் கணிதமும். முதியோரிடம் கதை கேட்டல் வரலாறு. சிங்கள அறிவித்தலைத் தமிழாக்கல் இரண்டாம் மொழிப் பாடம். புதிய பாடமொன்று இங்கே சேரவில்லை. இருக்கும் பாடங்கள் ஒரு வேலையைச் சுற்றி ஒன்றுகூடுகின்றன. ஆசிரியர் பற்றாக்குறை என்பர் வேறு சிலர். அக்குறை உண்மையானது, தோட்டப் பாடசாலைகளை நீண்ட காலமாக வாட்டி வருவது. இத்திட்டம் அதனைத் தீர்க்காது. ஆயினும் ஆர்வமுள்ள ஓர் ஆசிரியரும், வாரத்துக்கு ஒரு மணி நேரமும் இருந்தால் தொடங்கலாம். மூத்த மாணவர் இளையோருக்குக் கற்பிக்கும் முறை இக்கலைக்கு மிகவும் ஏற்றது.

மூன்றாவது மறுப்பு ஒன்று உண்டு, அது கனமானது. பிள்ளைகள் நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டால் மட்டும் மலை சரியாமல் நிற்குமா? லயம் வீடாகுமா? ஆகாது. மீரியபெத்தையிலே எச்சரிக்கையின் மொழி மட்டும் குறையாக இருக்கவில்லை. பெயர்ந்து செல்வதற்கு மாற்று நிலமும் வீடும் இல்லாமையும் குறையாக இருந்தது. வானொலி வீடு கட்டித் தராது. ஆனால் வீடு இல்லை என்பதை ஆண்டும் திகதியும் அளவும் காட்டித் தெளிவாகச் சொல்லக்கூடிய ஒரு தலைமுறையை அது உருவாக்கித் தரும். தெளிவாகச் சொல்லப்பட்ட குறையைக் கேளாதவர்போல் இருப்பது, முணுமுணுக்கப்பட்ட குறையைக் கேளாதவர்போல் இருப்பதைவிடக் கடினம்.

இறுதியாக ஒன்று. மாணவர் செய்த பதிவுகளை அழித்துவிடலாகாது. ஒவ்வொன்றுக்கும் நாள், இடம், பேசியவர் பெயர், பதிவு செய்த மாணவர் பெயர் ஆகியவற்றைக் குறித்து, பாடசாலை நூலகத்திலே பேணி வைக்க வேண்டும். ஓப்பநாயக்கவுக்குப் புகையிரதம் வந்து சென்ற காலத்தைக் கண்ணாற் கண்ட முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். காமன் கூத்தைப் பாடத் தெரிந்தவர்கள், தப்பின் அடிகளை வேறுபடுத்தி முழக்கத் தெரிந்தவர்கள், குடியுரிமைச் சட்டம் வந்த 1948 ஆம் ஆண்டுக்குப் பின் குடும்பங்கள் பட்ட அலைச்சலை நினைவிலே வைத்திருப்பவர்கள் ஆகியோரின் குரல்கள் இன்னும் சில ஆண்டுகளே கேட்கும். பெரிய நிலையங்களிலிருந்து எவரேனும் வந்து அவற்றைப் பதிவு செய்வார்கள் என்று காத்திருக்கத் தேவையில்லை. அந்த முதியோரின் பேரப்பிள்ளைகள் அதே லயத்திலே, அதே வாசலிலே இருக்கின்றனர். அவர்களின் கையிலே ஒரு கருவியும், கேட்கத் தெரிந்த செவியும், விசாரித்துச் சொல்லும் பழக்கமும் இருந்தால் போதும். அவற்றைக் கொடுப்பது பாடசாலையின் கடமை.